கால் விட்டுப்போன அமிலா

மார்ச் 4, செவ்வாய்

தெருமுனைச் சுவரில் இருப்பதை இன்று முழுதாகப் படித்துவிட்டேன். 'இங்கே குப்பை கொட்டாதீர்கள்' என்று எழுதியிருக்கிறது. இத்தனை வருடமாக அந்தச் சுவரடியில்தான் கொட்டிக்கொண்டிருக்கிறேன். ஏதோ தேர்தல் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். தெரிந்த பிறகு கை வரவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனேன். அங்கேயும் ஒரு சுவர், அங்கேயும் எழுத்து. அதைப் படித்துத் தொலைக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டிவிட்டு வந்தேன்.

டைரி மகள் கொடுத்தது. தினமும் எழுத வேண்டும் என்பது முதியோர் வகுப்பு டீச்சர் உத்தரவு. டிப்போவில் பஸ் கழுவிய காலத்தில் எனக்கு எண் மட்டும்தான் தெரியும். நம்பரைப் பார்த்து எந்த டிரைவருடைய வண்டி என்று சொல்லிவிடுவேன், எந்த ஊருக்குப் போகிறது என்று சொல்லத் தெரியாது. இப்போது ஊர்ப்பெயரெல்லாம் படிக்க வருகிறது. போவதற்குத்தான் அங்கே எனக்கு ஜோலி இல்லை.

எழுத நேரம் பிடிக்கிறது. டீயை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். 'தெருமுனை' எழுதி முடிப்பதற்குள் டீயில் ஆடை கட்டிவிட்டது.

மார்ச் 5, புதன்

ஒரு வரி எழுதினாலும் போதும் என்றார் டீச்சர். அந்த வரி இதுதான்.

மார்ச் 8, சனி

வகுப்பு மொத்தத்தையும் டீச்சர் படக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். மொத்தம் என்றால் கிழங்கட்டைகள் ஒரு வேன் நிறைய. ஆளுக்கொரு படத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, மாதக் கடைசியில் வீட்டாரையெல்லாம் கூப்பிட்டு வைத்துப் படித்துக் காட்ட வேண்டும்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பூட்டு ரிப்பேர் பூட்டுக்காரர் குதிரைப் படத்தைப் பிடித்துக்கொண்டார். குதிரையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். "ஒண்ணும் தெரியாது. எழுத்து கம்மியா போதும்ல" என்றார். புத்திசாலி.

எனக்குக் கடைசி அறையில் ஒரு படம் கிடைத்தது. வண்ணமே கிடையாது, கறுப்புக் கோடுதான். வயதான ஒரு பெண்பிள்ளை சுவரோரம் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறாள். சட்டைக் கையை முழங்கை வரைக்கும் சுருட்டிவிட்டிருக்கிறாள். விரல் மொளியெல்லாம் புடைத்துப்போய் இருக்கிறது. மடியில் உருண்டையாக ஏதோ ஒன்று. வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஓரக்கண்ணால் எதையோ பார்க்கிறாள். காலில் செருப்பில்லை.

கிட்டப் போய்ப் பார்த்தால் முகம் இல்லை, கோடுதான் இருக்கிறது. அதில் ஒன்றாவது நேராக இருக்க வேண்டுமே! எனக்கும்தான் கோடு நேராக வராது. ஆனால் வரைந்த ஆள் கோணலாகப் போட்டால் கன்னம் ஆகிறது. நான் கோணலாகப் போட்டால் 'ழ' கூட ஆகமாட்டேன் என்கிறது.

கீழே ஒட்டியிருந்த சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'முதிய பெண். அமில அச்சு.' முதிய பெண் புரிந்தது. அச்சும் புரிந்தது, அச்சடித்த படம். நடுவில் இருப்பது அவள் பெயர். அமிலா. ஆனால் 'ல'வுக்குப் பக்கத்தில் கால் இல்லை. கால் போட மறந்துவிட்டார்கள்! எனக்குத்தான் எப்போதும் கால் விட்டுப்போகும், டீச்சர் சிவப்புப் பேனாவால் போட்டுப் போட்டுக் கொடுப்பார். இவ்வளவு பெரிய கட்டடத்தில், இவ்வளவு வழவழப்பான தரையில், அவர்களுக்கும் விட்டுப்போகிறது. வாழ்க்கையில் முதல்முறையாக அடுத்தவர் எழுத்தில் நான் பிழை கண்டுபிடித்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

அமிலா ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று கண்டுபிடித்துவிட்டேன். பஸ்ஸுக்கு! வேலை முடிந்தாயிற்று, கடைசி பஸ் இன்னும் வரவில்லை. அந்த ஓரக்கண் பார்வையை நான் டிப்போ வாசலில் தினமும் பார்த்தவன். மடியில் இருப்பது பன். பஸ் ஏறியதும் சாப்பிடலாம் என்று வைத்திருக்கிறாள்.

பூட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"சாவியத் தொலைச்சுட்டாங்க. வெளிய உக்காந்திருக்காங்க. நான் பாக்காத மூஞ்சியா அது?"

"அப்ப மடியில இருக்கிறது?"

"பூட்டு. உருண்டைப் பூட்டு."

"உருண்டையா எங்கய்யா பூட்டு இருக்கு?"

"நீங்க பாத்ததில்ல, அவ்வளவுதான்."

டீச்சரிடம் நியாயம் கேட்டோம். அவர் வேறு விதமாகச் சொன்னார். "அது உழைச்சு ஓய்ஞ்ச கைங்க ஐயா. வரைஞ்சவர் அவங்கள அழகாக் காட்ட நினைக்கல. உள்ளத உள்ளபடி காட்டியிருக்கார். அதுக்கு யதார்த்தம்னு பேரு." மடியில் இருப்பது கம்பளி நூல் உருண்டையாக இருக்கலாமாம்.

'யதார்த்தம்' என்பதில் ஒரே புள்ளி மயம். என் பக்கத்தில் அந்தச் சொல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 12, புதன்

கெட்டது குடி.

அமிலா பெயர் அழகாக வர வேண்டும் என்று நாலு நாளாகப் பழகிக்கொண்டிருந்தேன். காலண்டர் ஓரத்தில், பால் கவர்மேல், பழைய செய்தித்தாளில். சமையலறைக் கதவுக்குப் பின்னாலும் சாக்பீஸால் எழுதியிருந்தேன். இன்று சாயங்காலம் மகள் வந்தாள். கதவைச் சாத்தினாள். படித்தாள். சத்தமாகப் படித்தாள்.

"அப்பா, யாரு அமிலா?"

இவள் அடுப்பை அணைத்தாள். இவள் என்றால் என் மனைவி. விடுதிச் சமையலறையில் நாள் முழுவதும் வெங்காயம் உரித்துவிட்டு வந்து, இங்கேயும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கையில் கத்தியோடு திரும்பினாள்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "படக்கூடத்துல இருக்காங்க. பாவம், தனியா உக்காந்திருக்காங்க" என்றேன்.

பிறகுதான் படம் என்று விளக்கினேன். கண்ணாடிச் சட்டம், சுவர், ஆணி எல்லாம் சொன்னேன். படம் என்று தெரிந்தால் கோபம் அடங்கும் என்று பார்த்தால் இன்னும் ஏறிவிட்டது.

"உயிரோட இருக்கிறவளா இருந்தாக்கூடப் போனாப் போகுதுன்னு விட்டுருவேன். சுவத்துல தொங்குற கிழவி பேரு எழுதப் பழகுறீங்க. எம் பேரு ஒரு தடவ எழுதியிருக்கீங்களா? கல்யாணம் ஆனதுலேருந்து 'இந்தா', 'ஏய்', 'இங்க வா'. அதையாவது எழுதினீங்களா?"

சாதாரணமாக இவள் என்னை 'யோவ்' என்பாள். 'நீங்க' போட்டுப் பேசினால் நிலவரம் சரியில்லை என்று அர்த்தம்.

"அந்தப் படத்த இனி பாக்கப் போகக் கூடாது. வகுப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். இத்தன வருஷம் படிக்காம ஒழுங்காத்தான் இருந்தீங்க. படிச்சுக் கெட்டுப் போயிட்டீங்க."

மகள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பை விட்டுவிட்டால்? 'ன' வரைக்கும் வந்தாயிற்றே. தெருவெல்லாம் இப்போதுதானே என்னிடம் பேச ஆரம்பித்திருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

இவள் என்னோடு பேசவில்லை. மின்விசிறியோடு பேசுகிறாள். "சாப்பாடு வெச்சாச்சு, வேணுங்கிறவங்க வந்து சாப்பிடலாம்" என்று அதற்குச் சொன்னாள். நான் சாப்பிட்டேன். விசிறிக்கு மரியாதையாக, தண்ணீர் வேண்டும் என்று நானும் அதனிடமே கேட்டேன். கோபம் இன்னும் கூடியது.

மார்ச் 14, வெள்ளி

மூக்குக்கண்ணாடியைக் காணோம்.
பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.
எடுத்தது யார் என்று தெரியும்.
கேட்கத் தைரியம் இல்லை.

மார்ச் 15, சனி

போயிருக்கக் கூடாது. போனேன்.

பூட்டுக்காரர் தன்னுடைய பழைய கண்ணாடியைக் கொடுத்தார். போட்டால் தரை கொஞ்சம் மேலே வருகிறது, மற்றபடி பரவாயில்லை. பஸ்ஸைப் பற்றி எழுத வேண்டும் என்றால் இன்னொரு தடவை அந்தக் கண்ணைப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் போனேன்.

எதிரில் நின்றதும் மறுபடி அந்தச் சீட்டுதான் கண்ணை உறுத்தியது. வயதான மனுஷி. வாழ்நாள் முழுக்க உழைத்தவள். அவள் பெயரைக்கூட ஒழுங்காக எழுதவில்லையே! என் பெயரைக் கால் இல்லாமல் எழுதினால் நான் விடுவேனா? அக்கம்பக்கம் பார்த்தேன். சட்டைப்பையில் சிவப்புப் பேனா இருந்தது. 'ல'வுக்குப் பக்கத்தில் கால் போட்டேன். இரவல் கண்ணாடி என்பதால் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. ஊன்றுகோல் அளவு.

"யோவ்!" என்று ஒரு சத்தம். எங்கே, இவள்தான் வந்துவிட்டாளோ என்று தூக்கிவாரிப் போட்டது. நல்லவேளை, காவலாளிதான்.

"என்ன பெரியவரே பண்றீங்க?"

"பிழை இருந்துச்சு. திருத்தினேன்."

"யாரு திருத்தச் சொன்னா?"

"யாரும் சொல்லல. இலவசமாத்தான் செஞ்சேன்."

டீச்சருக்குப் போன் போட்டார்கள். அவர் ஆட்டோவில் ஓடி வந்தார். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலி எங்கே என்று கேட்டு உட்கார்ந்தார். அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். தோள் குலுங்கியதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று புரிந்தது.

அமிலா என்று யாரும் இல்லையாம். அது அமிலமாம். ஆசிட்! செம்புத் தகட்டில் மெழுகு பூசி, அதன்மேல் ஊசியால் படத்தைக் கீறி, தகட்டை அமிலத்தில் முக்குவார்களாம். கீறின இடத்தை மட்டும் அமிலம் அரித்துக் குழி பண்ணும். குழியில் மையைத் தேய்த்து, காகிதத்தை வைத்து அழுத்தினால் படம். அதுதான் அமில அச்சு. கால் எங்கேயும் விட்டுப்போகவில்லை.

"அப்ப இவங்க பேரு?"

"தெரியாது ஐயா. யாரும் எழுதி வைக்கல."

காவலாளி வேறு சீட்டு ஒட்டிக்கொள்வதாகச் சொல்லி விட்டுவிட்டார். போகும்போது, "பேனா வெச்சிருக்கிறவங்கள எல்லாம் இனி நான் தனியா கவனிக்கணும்" என்றார். என்னைப் பேனா வைத்திருப்பவன் என்று ஒருவர் சொல்வது இதுதான் முதல் தடவை. அவமானத்துக்கு நடுவிலும் கொஞ்சம் நன்றாக இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

மறைத்து என்ன பிரயோசனம்? எப்படியும் பூட்டுக்காரர் வாயைத் திறந்துவிடுவார், அவர் தொழிலே அதுதான். காலையில் நானே சொல்லிவிட்டேன். விசிறியிடம் சொன்னேன்.

இவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆசிட் என்ற சொல் வந்ததும் கை நின்றது.

"ஆசிட்டா? எங்க விடுதியில கக்கூஸ் கழுவ ஊத்துவாங்களே, அதுவா?"

"அதுதான் போல."

"அதப் பொம்பளைன்னு நெனச்சு, அதுக்குப் பேரெழுதிப் பழகி, கதவுல எல்லாம் எழுதி..."

மடித்த துணி எல்லாம் சரிந்தது. சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாவு டப்பாவைத் திறந்து, என் கண்ணாடியை எடுத்து ஊதிக் கொடுத்தாள். போட்டுப் பார்த்தேன். வீடு வெள்ளையாக இருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். மத்தியானம் என் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "ஆசிட்டுக்கு எழுதினீங்க. எனக்கு எழுதல. வகுப்பு வேணாம்னா வேணாந்தான்."

'நீங்க' இன்னும் போகவில்லை.

மார்ச் 19, புதன்

எழுதவில்லை என்று சொல்வது சுலபம். இவள் பெயரில் ஒரு 'ஞ' இருக்கிறது. அந்த எழுத்தை எழுதிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். எங்கே ஆரம்பிப்பது என்று பிடித்துவிட்டால், எங்கே முடிப்பது என்று கை மறந்துவிடுகிறது. மூன்று பக்கம் எழுதினேன். முதல் பக்கத்தில் இருப்பது நத்தை. இரண்டாவது, சுருண்ட பூனை. மூன்றாவதில் ஒன்றே ஒன்று ஞ மாதிரி இருக்கிறது. இன்னொன்று வரவில்லை.

மார்ச் 20, வியாழன்

இவளுடைய சாப்பாட்டு டப்பா விடுதியில் அடிக்கடி மாறிப்போகும், எல்லாருடையதும் ஒரே மாதிரி எவர்சில்வர். பஸ்ஸுக்கு நம்பர் எழுதும் பெயிண்ட் டிப்போவில் கொஞ்சம் வாங்கி வந்தேன். இவள் குளிக்கப் போன நேரத்தில் டப்பா மூடிமேல் பெயரை எழுதினேன். நாக்கு வெளியே வந்துவிட்டது.

இவள் வந்து பார்த்தாள். இவளுக்குப் படிக்கத் தெரியாது. டப்பாவைச் சாய்த்துப் பிடித்தாள், தலைகீழாகத் திருப்பினாள். அப்புறம் என்ன செய்தாள் தெரியுமா? பெயிண்ட் காயாத டப்பாவைத் தூக்கிக்கொண்டு நாலு தெரு தள்ளி மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க! மறுபடி ஆசிட்டாக இருந்தால்?

மகளோடு திரும்பி வந்தாள். மகள், "அப்பா, அம்மா பேருதான். ஆனா ஞவுக்கு அப்புறம் கால் விட்டுட்டீங்க" என்றாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. பெயிண்டையும் பிரஷையும் எடுத்தேன். இவள் தடுத்தாள்.

"இருக்கட்டும். எங்க அடுப்படியில யாருக்கும் படிக்கத் தெரியாது. கால் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன." பிறகு கொஞ்சம் யோசித்து, "இல்ல, போடு. போட்டுடு" என்றாள்.

போட்டேன். 'போடுங்க' என்று சொல்லவில்லை என்பதைக் கால் போட்டு முடித்த பிறகுதான் கவனித்தேன்.

மார்ச் 22, சனி

"அவ யாருன்னு நான் பாக்கணும்" என்றாள். கூட்டிப்போனேன். காவலாளி முதலில் என் சட்டைப்பையைப் பார்த்தார்.

இவள் படத்துக்கு எதிரில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இதுல எங்கய்யா பஸ்ஸு?"

"பஸ் இன்னும் வரல."

"களைப்பு, ஓய்ச்சல்னு உங்க டீச்சர் சொன்னதா சொன்னியே. இவ களைச்சுப் போகல. இவளுக்குக் கோபம்."

"யார் மேல?"

"வரைஞ்சவன் மேலதான். வேலை பாதியில கெடக்கு. 'ஆயா, இப்படிக் கொஞ்சம் உக்காரு'ன்னு உக்கார வெச்சுட்டான். அடுப்புல ஏதோ இருக்கு. அங்கதான் கண்ணு போகுது. எப்படா விடுவான்னு இருக்கா." மூக்கு படத்தில் இடிக்கிற மாதிரி கிட்டப் போனாள். "மடியில இருக்கிறது வெங்காயம்."

"பன்."

"வெங்காயம். கண்ணு கலங்கியிருக்கு பாரு."

"அது சோகம்னு டீச்சர்..."

"சோகமா இருந்தா ரெண்டு கண்ணும் கலங்கும். இவளுக்குக் கிட்ட இருக்கிற கண்ணு மட்டும்தான் கலங்கியிருக்கு. வெங்காயம் இந்தப் பக்கம் இருக்கு."

எனக்கு இரண்டு கண்ணும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. சொல்லவில்லை. அப்போது இவள் முகத்தை ஓரத்திலிருந்து பார்த்தேன். கண்ணோரத்தில் கோடு, வாயோரத்தில் கோடு, நெற்றியில் குறுக்கே ஒன்று. ஒன்றும் நேராக இல்லை. படத்தைப் பார்க்கிற மாதிரி கிட்டப் போய்ப் பார்த்தேன்.

"என்னய்யா முறைக்கிறே?"

"ஒண்ணுமில்ல."

"மூஞ்சியில மாவு கீவு இருக்கா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு."

"பெரியவர் படம் பாக்கக் கத்துக்கிட்டாரு" என்றாள். காவலாளியிடம் சொன்னாளா, அமிலாவிடம் சொன்னாளா, தெரியவில்லை. பெயர் இல்லாதவளை எப்படிக் கூப்பிடுவது என்பதால் இவளும் அமிலா என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், வகுப்புக்குப் போகலாமா என்று. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "போ. ஆனா எதையாவது எழுதினா என்ன எழுதினேன்னு எனக்குப் படிச்சுக் காட்டணும்" என்றாள்.

இந்த டைரியைச் சொல்கிறாளா? மார்ச் 13-ஐ மட்டும் தாண்டிப் படித்தால் போயிற்று.

மார்ச் 29, சனி

படித்துக் காட்டும் நாள். பூட்டுக்காரர் எழுதியது: 'இது குதிரை. ஓடுகிறது. பூட்டினால் நிற்கும்.' பெரிய கைதட்டல்.

அடுத்தது நான். 'இந்த அம்மாள் வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்' என்று ஆரம்பித்தேன். இரண்டாவது வரி போவதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"பஸ்ஸுக்குப் போறவ செருப்பு போடாமயா போவா?"

"பையில வெச்சிருப்பாங்க" என்றேன்.

"பை எங்க?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் மேஜையைத் தட்டினார். "அம்மா, கேள்வியெல்லாம் கடைசியில." இவள், "கடைசியில மறந்துடுமே" என்றாள்.

அவ்வளவுதான், சபை இரண்டாகிவிட்டது. பூட்டுக்காரர் எழுந்து சாவி என்றார். அவர் மனைவி அவரை உட்கார வைத்தார். யாரோ மடியில் இருப்பது பந்து என்றார்கள். டீச்சரும் விடாமல், "கம்பளி நூலாவும் இருக்கலாம்" என்றார். இவள், "நூல்னா ஊசி எங்க டீச்சர்?" என்றாள். டீச்சர், "வெங்காயம்னா கத்தி எங்கம்மா?" என்றார். இவள், "வரைஞ்சவன் பயந்து வாங்கி வெச்சிருப்பான்" என்றாள்.

நான் எழுதியதில் பாதியைத்தான் படித்தேன். மீதியை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, இவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 5, சனி

படக்கூடத்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். விடுதி அடுப்படிக்கு இன்று விடுமுறை. உரிக்கிறவர்கள், நறுக்குகிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள் எல்லாரையும் இவள் திரட்டிக்கொண்டு வந்துவிட்டாள், அமிலாவைக் காட்ட. பையோடு உள்ளே விடமாட்டார்களாம். அத்தனை பேர் பையும் என் மடியில். ஒன்றிலிருந்து ஏதோ ஒழுகுகிறது.

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வருகிறது. காவலாளி தலையை நீட்டினார். "பெரியவரே, உங்க ஆளுங்கதானே? கொஞ்சம் சத்தத்தக் குறைக்கச் சொல்லுங்களேன்." என்னால் ஆகாத காரியம் என்று உண்மையைச் சொன்னேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு அமிலா மடியில் இருப்பது வெள்ளைப்பூண்டு மாதிரி தெரிகிறதாம். இத்தனை வருடமாகப் பக்கத்திலேயே நிற்கிறார், யாரும் அவரைக் கேட்டதில்லையாம்.

இதோ, இவள் வெளியே வந்து கையைத் தட்டிக் கூப்பிடுகிறாள். "யோவ், எழுதினது போதும், உள்ள வா. இவளுங்க எல்லாரும் சேந்துக்கிட்டு உருளைக்கிழங்குங்கிறாளுங்க. என் பக்கம் பேச ஒரு ஆளு இல்ல."

பைகளைக் காவலாளி பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்.

அது பன்தான். ஆனால் இன்றைக்கு வெங்காயம்.